குட்டை ரகம்

குனியக் கூடாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார், உட்காரக் கூடாது என்று சொல்லவில்லையே என்று தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு, துணி துவைக்கிற கல்லைப் பிடித்தபடி நின்றாள் ருக்குமணி. வலது கண்ணில் புரை எடுத்து இன்றைக்குப் பத்தாவது நாள். இடது கண் ஆறு வருடத்துக்கு முன்பே உள்ளுக்குள் அழுத்தம் ஏறிப் போய்விட்டது, போனது போனதுதான். ஆக மிச்சம் இந்த ஒன்று. இதையும் மூன்று வருடமாகப் புரை மூடிக்கொண்டு வர, ஆபரேஷனில் இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நாளை நாளை என்று தள்ளிப் போட்டு, எதிரில் வருவது புருஷன் நஞ்சப்பனா அடுத்த வீட்டு எருமையா என்று தெரியாத நிலைமைக்கு வந்த பிறகுதான் சரி என்றாள். குனியாதீங்க, கனம் தூக்காதீங்க, முக்காதீங்க, தும்மல் வந்தா அடக்காதீங்க, தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க, மண்ணு தூசி பக்கமே போகாதீங்க, ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் என்று டாக்டரம்மா விரலை மடக்கி மடக்கிச் சொன்னதையெல்லாம் நஞ்சப்பன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு வந்து, வீட்டில் நுழைந்ததும் முதல் வேலையாகக் காலண்டரில் முப்பது நாளைக்கும் வட்டம் போட்டார். அந்த மனிதர் இப்போது சொட்டு மருந்து வாங்கக் கோத்தகிரிக்கு பஸ் ஏறியிருக்கிறார். பதினோரு மணி வண்டிக்குத்தான் திரும்புவார். பின்கதவுத் தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொண்டது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. அவள்தான் திறந்தாள்.

கதவிலிருந்து பாத்தி பத்தடி. தெற்குப் பார்த்த சரிவு, காலை எட்டு மணிக்கு விழுகிற வெயில் நாலு மணி வரை நகராது, அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள், கண்ணால் பார்த்தல்ல, மண்ணில் உள்ளங்கையை வைத்து எங்கே சூடு ஜாஸ்தி என்று பார்த்து. போன வருடம் சித்திரையில் திருப்பூரிலிருந்து மகள் சுபா அனுப்பிய விதைப் பாக்கெட். எக்கினேசியா என்ற பெயரை ருக்குமணி நாலு நாள் சொல்லிப் பழகினாள். அடுத்த வீட்டு ஹில்டா டீச்சர் அதெல்லாம் நாக்கில் வராது, கூம்புப்பூ என்று சொல்லிவிட்டுப் போ என்றார். ஒரு தடவை வைத்தால் வருடா வருடம் அதுவே பூக்கும் செடி. அதிலும் குட்டை ரகம். நெட்டை ரகம் இந்த மலைக்காற்றில் படுத்துவிடும் என்று சுபாவிடம் சொல்லிச் சொல்லி வாங்கியது ருக்குமணியேதான், இப்போது யாரை நொந்துகொள்வது, பூத்திருப்பதெல்லாம் முழங்காலுக்குக் கீழே. நின்றால் தெரிவது ஒரு நிறத் தீற்றல். மூன்றடி வளர்கிற ரகமாக இருந்தால் மகராசியாக நின்றபடியே பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். ஒன்றைக் கிள்ளி டம்ளரில் வைத்துத் தருகிறேன் என்று ஹில்டா டீச்சர் வந்தபோது வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடம் விரலாலேயே பார்த்த பூ. அது நிற்கிற இடத்தில், அதன் காலில் அது நிற்கும்போது பார்க்க வேண்டும், டம்ளரில் போட்டால் அது வேறு யாரோ.

அது மட்டுமில்லை. பதினோரு மணிக்கு சுபா போன் பண்ணுவாள், இன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்குக் கீழ் வீடு காலியாகிறது, இரண்டு பேரும் திருப்பூருக்கு வந்துவிடுங்கள், ஒத்தைக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த மலையில் என்ன சாதிக்கப் போகிறாய் என்று ஆறு மாதமாக ஒரே பாட்டு. ருக்குமணியிடம் இருந்த பதிலும் ஆறு மாதமாக ஒன்றேதான்: கண்ணு தெரியாமயே பதினோரு செடியை வளத்தவடி நான், என்னை எனக்குப் பாத்துக்கத் தெரியும். அந்தப் பதிலுக்கு முன்னால் சுபா வாயடைத்துப் போவாள். கைத்தூரம்கூடப் பார்வையில்லாதவள் விதை போட்டு, நாற்றெடுத்து, கொட்டும் பனியில் காய்ந்த செடியைத் திரும்ப எழுப்பிக் காட்டியிருக்கிறாள் என்றால் அவளை எப்படி ஒரு மூலையில் உட்காரச் சொல்வது. பாத்தியில் நிற்பது செடி இல்லை, அவள் வீடு. இன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பார்த்துட்டேன் சாமி, பதினொண்ணும் பூத்திருக்குது, நாங்க எங்கயும் வரல என்று சொல்ல வேண்டும். பாத்தியை ஒட்டிக் கிடந்த அந்தக் கல்லைப் பிடித்தாள், முதுகைக் கல்சுவரில் சாய்த்தாள், தலையை நேராக வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குடம் சுமக்கிறவள் மாதிரி, முட்டி இரண்டும் கறமுற என்று திட்ட, அங்குலம் அங்குலமாக இறங்கி, கடைசி அரை அடி பொத்தென்று விழுந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குள் ஏதாவது அசைந்ததா. இல்லை. ஒன்றும் அசையவில்லை. மூச்சு விட்டாள்.

பிறகுதான் எதிரில் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே அது அப்படி இருந்தது. கண்ணாடியை எடுக்கலாமா, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், தூசி இல்லை, காற்று இல்லை, எடுத்தாள். ஐயோ. நஞ்சப்பனிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாள், என்ன கலருங்க, என்ன கலருங்க என்று. ரோஸ் என்பார். வேறு வார்த்தை அந்த மனிதருக்குத் தெரியாது, முப்பத்திரண்டு வருடம் தேயிலை ஆலையில் உலர்த்துகிற அறையில் நின்றவர், இலை கருகுகிறதா பழுக்கிறதா என்று மூக்காலேயே சொல்வார், நிறம் கேட்டால் ரோஸ், பச்சை, மஞ்சள், மூன்றோடு சரி. இது ரோஸா? வாடாமல்லியும் இல்லை, பீட்ரூட் சாறும் இல்லை, கத்திரிப்பூவில் கொஞ்சம் நெருப்பைக் கலந்தால் வருமோ என்னமோ, இதழின் ஓரத்தில் வெயில் புகுந்து வெளியே வரும் இடத்தில் அதற்கும் ஒரு பெயர் இல்லை. மூன்று வருடமாக உலகத்தையே டிகாக்ஷன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், வெள்ளை வேட்டி பழுப்பு, வானம் பழுப்பு, சுபாவின் கல்யாண போட்டோ பழுப்பு. கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி ஜன்னலில் நீலம் என்ற ஒன்று இருந்ததைப் பார்த்து நர்ஸைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழக் கூடாதும்மா என்று அந்தப் பெண்ணும் சேர்ந்து அழுதது. ஆனால் அந்த நீலம் கடவுள் போட்டது. இது அவள் போட்டது. விரலால் ஒரு கடுகளவு குழி பறித்து, விதையை உள்ளே தள்ளி, மேலே மண்ணைத் தூவியபோது இந்த நிறம் அதற்குள் எங்கே இருந்தது, எந்த மூலையில் மடித்து வைத்திருந்தார்கள்.

இதழ்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன, நடுவில் மேடு. அந்த மேட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும், விரல் வைத்தால் குத்தும், தேங்காய் நார் பிரஷ் மாதிரி, அதைத் தடவித்தான் பூத்துவிட்டது என்று தெரிந்துகொள்வாள். விரல் இதை மட்டும் சொல்லவே இல்லையே. முள் ஒவ்வொன்றும் அடியில் பச்சை, மேலே ஏற ஏறச் செம்பு, நுனியில் தணல். தணல்கள் வரிசை வரிசையாக வலப்பக்கம் சுழன்று ஏறின, அதையே கொஞ்சம் பார்வையை மாற்றிப் பார்த்தால் இடப்பக்கம் சுழன்று ஏறின, எது நிஜம், இரண்டும் நிஜம், ஒரே முள் இரண்டு வரிசையிலும் நிற்கிறது, யார் இதை உட்கார்ந்து கணக்குப் பார்த்து அடுக்கியது. ஒரு தேனீ மேட்டின் மேல் சுற்றிச் சுற்றி நடந்தது, அதன் காலில் மஞ்சள் மூட்டை. தேனீயின் முதுகில் ரோமம் இருக்கிறது என்பதையே ருக்குமணி மறந்து போயிருந்தாள். தண்டில்கூட ரோமம், அந்த ரோமத்துக்கும் ஒரு நிழல். இத்தனையும் யாருக்காக, யாரும் குனிந்தால் ஒழியத் தெரியாத உயரத்தில், ஒரு கண் இல்லாதவள் வீட்டுக் கொல்லையில். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பார்த்தாள், புறங்கையெல்லாம் கறுப்புப் புள்ளி, நரம்பு, இது எப்போது கிழவி கை ஆனது. சரி, கையும் இருக்கட்டும், அதையும் பார்க்க முடிகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

மூக்கில் ஏதோ அரித்தது. மகரந்தம். ஒரு நொடியில் உடம்பு முழுக்கப் பயம் இறங்கியது. தும்மினால் தையல் விட்டுவிடுமா, தையலே போடவில்லை என்றார்களே, அப்போது உள்ளே வைத்த லென்ஸ் நழுவுமா, நழுவினால் எங்கே போகும், மூக்கு வழியாக வெளியே வருமா, பைத்தியக்காரி மாதிரி யோசிக்கிறோம், ஆனால் மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் யாரோ தும்மி யாருக்கோ கண் போன கதையை ராத்திரியெல்லாம் சொன்னாளே. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். வருகிறது, வருகிறது, வரவில்லை. போய்விட்டது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது, எழுந்திருக்க வேண்டுமென்றால் முன்னால் சாய்ந்து கையை ஊன்றி முக்க வேண்டும். குனியாதே, முக்காதே. வக்கீல் இதை யோசிக்கவில்லை. உட்காரத் தெரிந்தவளுக்கு எழத் தெரியவில்லை, நஞ்சப்பன் வரும்வரை இப்படியே பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வெயில் தோளில் ஏறியது. வேறு வேலை இல்லாததால் செடிகளை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே, பூ, தண்டு, இலை, அடி என்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதல் செடியின் அடியில் கறுப்பாக ஒரு கோடு. மண்புழு என்று நினைத்தாள். மண்புழு இத்தனை நேரம் அசையாமல் இருக்காது. அட்டையோ? குனியாமல் கையை மட்டும் நீட்டி விரலால் தொட்டாள். வழவழ. பிளாஸ்டிக். காற்றில் வந்து ஒட்டிய ஏதோ குப்பை என்று நுனியைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை, தொடர்ந்து இழுத்தால் செடியே ஆடியது. கோடு செடியைச் சுற்றி வட்டமாகப் போனது. நர்சரிக் கவர். நாற்று விற்கிறவர்கள் மண் போட்டு வைத்துக் கொடுக்கிற கறுப்பு பாலிதீன் கவரின் வாய். இரண்டு வாரமாக அடித்த கோடை மழையில் மேல்மண் கரைந்து, உள்ளே புதைத்தது ஒரு விரற்கடை வெளியே வந்திருக்கிறது. ஆனால் அவள் கவரில் நாற்று விடவில்லையே, பழைய சோற்றுத் தட்டில் அல்லவா விதை போட்டாள், அங்கிருந்து நேரே பாத்திக்கு. அடுத்த செடியைப் பார்த்தாள். கறுப்பு வட்டம். அதற்கடுத்தது. கறுப்பு வட்டம். எண்ணினாள். ஒன்பது. கல்சுவரை ஒட்டி ஓரமாக நின்ற இரண்டில் மட்டும் வட்டம் இல்லை, அவை நேராக மண்ணிலிருந்து கிளம்பியிருந்தன. கண் சரியாகத் தெரியவில்லையோ என்று முதல் தடவையாக அந்தப் புதுக் கண்ணின் மேல் சந்தேகப்பட ஆசைப்பட்டாள். திரும்ப எண்ணினாள். அதே ஒன்பது.

தை மாதம். உறைபனி மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் பாத்தியில் கை வைத்தவளுக்குக் கிடைத்தது குச்சி, பதினொன்றும் குச்சி, தொட்டால் நொறுங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நஞ்சப்பன் வந்து நின்றது காலடிச் சத்தத்தில் தெரிந்தது, அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த மாதத்தில் ஒரு நாள் காலையில் பென்ஷன் விஷயமாகக் குன்னூர் போகிறேன் என்று போனார், இருட்டுகிற நேரத்துக்கு வந்தார், தோள் வலிக்கிறது என்றார், தைலம் தேய்த்துவிட்டாள். என்னத்தைச் சுமந்தீங்க என்று கேட்டதற்கு, பஸ்ஸில் நிற்க இடமில்லை, கம்பியைப் பிடித்தே வந்தேன் என்றார். பொய்யன். மறுநாள் மத்தியானம் அவள் தூங்கி எழுந்தபோது காபி கொண்டு வந்து நீட்டிய கையில் ஈரமண் வாசம் அடித்தது, அது தன் கை வாசம் என்று நினைத்தாள். மண்ணில் கை வைக்கிறதென்றால் முகத்தைச் சுளிக்கிற மனிதர், கொத்துமல்லி எது வேறு தழை எது என்று தெரியாத மனிதர், ஒன்பது நாற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு மலை ஏறி வந்து, அவள் தூங்குகிற நேரம் பார்த்துக் குழி பறித்து, கவரைக் கிழித்துவிட்டுத்தான் நட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் அப்படியே கவரோடு புதைத்திருக்கிறார். எந்த ஊரில் எவன் இப்படிச் செய்வான். கோபம் வந்தது. ஊரெல்லாம் சொன்னாளே, டாக்டரம்மாவிடம்கூடச் சொன்னாளே, நான் வளர்த்தது என்று. என்னை எத்தனை சின்னக் குழந்தை என்று நினைத்திருக்கிறார். இன்னும் பத்து நிமிஷத்தில் சுபாவிடம் எதைச் சொல்வது, எந்த வாயால் சொல்வது.

கோபம் சுற்றிச் சுற்றி வந்து ஓர் இடத்தில் முள்ளில் சேலை மாட்டிய மாதிரி நின்றது. மாசியில் சுபா போனில் படித்துக் காட்டினாளே. பழைய விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள் அவள், அம்மா, பனிக்காலத்துல மேல எல்லாம் காஞ்சு போயிருமாம், வேரு மட்டும் உள்ள தூங்குமாம், வெயில் வந்தா மறுபடி துளிர்க்குமாம், நீ சும்மா அழுகாத என்று. அன்றைக்கும் நஞ்சப்பன் வீட்டில் இல்லை. ருக்குமணி அதை அவரிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை? பங்குனியில் கை வைத்துப் பார்த்தபோது பதினோரு இடத்திலும் சொரசொரப்பாக இளம் இலை தட்டுப்பட்டது, ஓடி வந்து அவரிடமும் ஹில்டா டீச்சரிடமும், பாத்தீங்களா, என்ர கை பட்டுச் செத்த செடி பொழச்சிருச்சு என்று பீற்றிக்கொண்டாள். பாக்கெட்டில் போட்டிருந்ததைச் சொன்னால் பெருமை பாக்கெட்டுக்குப் போய்விடுமே. அவர் ம் என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால். அப்படியென்றால் தை மாதத்தில் அவர் பிடுங்கி எறிந்த ஒன்பதும் செத்தவை இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவை. இந்தா, பிடுங்காமல் விட்ட இரண்டும் கல்சுவர் ஓரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன, மற்ற ஒன்பதைவிடத் தண்டு தடித்து, இலை கறுத்து. சுபாவிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவருக்கு அப்போதே எல்லாம் விளங்கியிருக்கும். உயிருள்ள ஒன்பது வேரைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு அவள் அழக் கூடாது என்று மூச்சிரைக்க மலை ஏறியிருக்கிறார், அவளானால் தூங்கி எழுந்த செடிக்குத் தான் உயிர் கொடுத்ததாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள். இரண்டு பேரில் பெரிய பொய்யர் யார் என்று பஞ்சாயத்து வைத்தால், பஞ்சாயத்தார் தீர்ப்பு சொல்ல முடியாமல் எழுந்து போகத்தான் வேண்டும்.

சிரிப்பு வந்தது, அதையும் அடக்கினாள், சிரிப்பு முக்குகிற கணக்கில் வருமா என்று டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. பிறகு கறுப்பு வட்டத்துக்குள் நிற்கிற செடியை மறுபடியும் பார்த்தாள். அரைப்படி மண். அவ்வளவுதான் அதற்குக் கிடைத்தது. சுற்றிலும் மலை மலையாக மண் இருக்க, நாலு பக்கமும் பாலிதீன் சுவர், கீழே தண்ணீர் வடிய நாலு ஓட்டை, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வேரை விட்டுக்கொண்டு, அதுவும் வெயிலைப் பார்த்து, அதுவும் அதே நிறத்தை, அதே தணலை, வலப்பக்கமும் இடப்பக்கமும் தப்பாமல் அடுக்கிப் பூத்திருக்கிறது. ருக்குமணிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் வளர்த்ததாக இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் இன்னும் இரண்டு வாரத்தில் பெரிய மழை பிடித்துக்கொள்ளும், கவருக்குள் தண்ணீர் தேங்கும், இந்தச் செடிக்கு ஈரம் நின்றால் ஆகாது, ஒன்பதும் அழுகும். கவரை எடுக்க வேண்டும். எடு என்று சொன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் செடி போகும். சுபாவிடம் உண்மையைச் சொன்னால் வீடு போகும். மேலே ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

நஞ்சப்பன் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டே தேடியதும், பின்கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும், வாசற்படியில் மருந்துப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்ததும் அவள் காதில் வரிசையாக விழுந்தன. "ஏம்புள்ள! விழுந்துட்டியா? கண்ணுல அடிபட்டுச்சா? குனிஞ்சியா?"

"விழுவுலீங்க. குனியவும் இல்ல. உக்காந்தேன், எந்திரிக்க முடியல."

"மண்ணுப் பக்கம் போகாதேன்னு அந்தம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச்சே" என்று ஆரம்பித்தவர் அவள் பார்வை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. வெயிலில் அவர் முகம் அவளுக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்தது, ஷேவ் பண்ணும்போது விட்ட நரைமுடி மூன்று, உதட்டோரத்தில் துடிப்பு. அறுபத்தேழு வயது மனிதர் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"பேனாக்கத்தி கொண்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கவரைக் கிழிக்கோணும். மழைக்குள்ள எடுக்கலீன்னா வேரு அழுகிப் போயிரும். கவரோடவா நடுவாங்க ஆராச்சும்?"

"நர்சரிக்காரன் ஒண்ணுஞ் சொல்லல ருக்கு. அப்படியே வெச்சிரலாம்னு நெனச்சுட்டேன்" என்றார். பிறகு மெதுவாக, "நீ குச்சியைத் தடவித் தடவி அழுதியல்ல, என்னால பாக்க முடியல" என்றார்.

அழக் கூடாது, இந்தக் கண்ணுக்கு அதுவும் ஆகாது. "கத்தியைக் கொண்டாங்க முதல்ல" என்றாள். கொண்டு வந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலில் சுற்றி மண்ணைத் தள்ளுங்கள், தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், பக்கவாட்டில் ஒரு கீறல், கத்தி வேரில் படக் கூடாது, அப்படித்தான் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். கவர் உரிந்தது. உள்ளே வேர் கவரின் உருவத்திலேயே வெள்ளை வெள்ளையாகச் சுற்றியிருந்தது, இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கையெல்லாம் மண், ஒரு விரலால் பட்டனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, துவைக்கிற கல்லின் மேல் வைத்தார்.

"என்னம்மா முடிவு பண்ணுனே?" என்றாள் சுபா. "கீழ் வீட்டு ஓனர் இன்னிக்கே கேக்கறாரு."

"பூவைப் பாத்துட்டேன் சாமி. எப்படி இருக்குதுங்கற! ஆனா ஒண்ணு, நான் சொன்னது பொய்யி. பதினொண்ணும் நான் வளத்ததில்ல. ஒம்பது உங்கப்பன் வெச்சது. தை மாசத்துல செத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியாம வாங்கியாந்து நட்டிருக்கிறாரு."

"அப்பாவா? செடியா?" என்றாள் சுபா. "ஏம்மா, தை மாசம் காயறது அதோட குணந்தானே? நான்தான் உனக்குப் பாக்கெட்டைப் படிச்சு..."

"சுபா!" அந்தக் குரலில் தேனீகூட ஒரு கணம் நின்றிருக்கும். ருக்குமணி நஞ்சப்பனைப் பார்த்தாள். அவர் இரண்டாவது கவரின் மேல் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வேர் அறுந்துவிடாமல் கீறுவதிலேயே முழு உயிரையும் வைத்திருந்தார். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். நாங்க வரல. ஏன்னு கேளு. உங்கப்பனுக்கு ஒரு செடியை நடத் தெரியல, கவரோட பொதைச்சு வெச்சிருக்கிறாரு. எனக்குக் குனிய முடியாது. சொல்றதுக்கு நான் இருக்கறேன், குனியறதுக்கு அவரு இருக்கிறாரு. ரெண்டு பேருஞ் சேந்தா ஒரு ஆளுக்கு ஆச்சு, போதும்."

சுபா பெருமூச்சு விட்டது மலை ஏறி வந்து கேட்டது. "அப்பா" என்றாள், "அம்மாவைக் குனிய விட்டுறாதீங்க, என்ன?" அவர் தலையை ஆட்டினார், போனுக்குத் தலையாட்டல் தெரியாது என்று ருக்குமணி சொன்ன பிறகு, சரி சாமி என்றார். போன் அணைந்தது.

மூன்றாவது கவர், நாலாவது கவர். கல்சுவர் ஓரத்துக்கு வந்தவர் அந்த இரண்டு செடிகளுக்கு முன்னால் கத்தியை மடியில் வைத்துக்கொண்டார். வெகுநாளாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்கிறவர் மாதிரி, அவளைப் பார்க்காமல் பேசினார். "நர்சரியில ஒம்பதுதான் இருந்துச்சு புள்ள. இந்த ரெண்டும் பழசு, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். மத்ததாட்டமேதான் இதுவும், குச்சியாக் காஞ்சு, சுத்தமாச் செத்துக் கெடந்துச்சு, நானே ஒடிச்சுப் பாத்தேன். பங்குனியில பாத்தா துளிர் விட்டிருக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உன்கிட்டக் கேக்கவும் முடியல, கேட்டா மத்ததும் வெளிய வந்திரும். செத்தது எப்படி ருக்கு பொழச்சுது?"

ருக்குமணி அந்த இரண்டு செடிகளையும் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் வேலியோரம் குப்பைக் குழி இருந்தது, அதையும் பார்த்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார், நெற்றியில் மண், கண்ணில் அப்படி ஓர் ஆச்சரியம்.

"என்ர கை ராசிங்க" என்றாள்.

"அதான் நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு நஞ்சப்பன் அடுத்த கவரைக் கீறினார்.